28 மீட்டர் பொய்!

"அம்மா... எங்கக்காவைக் கொன்னுட்டாய்ங்கம்மா!"

செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள்.

இன்ஸ்பெக்டர் சேதுலட்சுமி போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள். ராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் கூட்டம் முடிந்து ஜீப் ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீ? எங்கருந்து பேசுற?"

"மகேஸ்வரிம்மா. காரங்காட்டுக்குத் தெக்க மீன் தூள் கம்பெனி இருக்குல்ல, அங்கன வேலை பார்க்கிறேன். டீக்கடைச் சொவத்துல உங்க நம்பரை ஒட்டியிருந்தாய்ங்க, கடைக்காரர் போன்லதான் பேசுறேன்..."

"அக்கா பேரு?"

"வீரலட்சுமி. விடியக்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உள்ள போனோம். பாத்ரூம் போயிட்டு வாரேன்னு போனா... வரவே இல்ல. மீன் குழி ஓரத்துல அவ ஒத்தச் செருப்பு கெடக்கும்மா!"

"முதலாளி என்ன சொல்றாரு?"

மறுமுனையில் விசும்பல்.

"எவன்கூடயோ ஓடிட்டாளாம்..."

சேதுலட்சுமியின் உதடு கோணியது. காணாமல் போகிற பெண்ணுக்கெல்லாம் இந்த ஊரில் ஒரே விலாசம்தான் எழுதுகிறார்கள்!

"பொன்னுச்சாமி! ஸ்டேஷன் வேண்டாம். வண்டியைத் திருப்புங்க."

ஏட்டு பொன்னுச்சாமி ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"எங்கனம்மா?"

"மீன் தூள் கம்பெனி."

ஏட்டின் முகம் செத்துப்போனது.

"அய்யய்யோ... காலையில நெய் விட்டு வெண்பொங்கல் சாப்பிட்டேனேம்மா!"

*

கம்பெனி கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் நாற்றம் மட்டும் ரோட்டுக்கு வந்து ஜீப்பை நிறுத்தியது!

விலை போகாத மீன், நசுங்கிய மீன், வெயிலில் அழுகிய மீன்... கழிசல் என்று கடற்கரை ஒதுக்குகிற அத்தனையும் லாரி லாரியாக இங்கேதான் வரும். ஷெட்டுக்குள் இருக்கும் பெரிய குழியில் விழும். குழியின் அடியில் சுழலும் இரும்புத் திருகு அதை இழுத்துக்கொண்டு போய் டிரம்முக்குள் தள்ளும். அங்கே வெந்து, பிழிந்து, காய்ந்து, தூளாகி, கோழித் தீவனத்துக்குப் போகும்.

பொன்னுச்சாமி கேட்டைத் தாண்டுவதற்குள் வெண்பொங்கல் வெளியே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கம்மா..."

"என்கிட்ட எதுக்குய்யா மன்னிப்பு? பொங்கல் வச்ச உங்க சம்சாரத்துக்கிட்ட கேளுங்க!"

மகேஸ்வரி ஓடி வந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, அழுது வீங்கிய கண். கழுத்தில் நீல நாடா. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கியது.

அவளுக்குப் பின்னால் ஏசி அறைக் கதவு திறந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கைக்குட்டை முழுக்க மல்லிகை செண்ட். முதலாளி பாண்டித்துரை!

"வாங்க மேடம், வாங்க. சின்ன விஷயம். இந்தப் பிள்ளை தேவையில்லாம உங்களை அலைய விட்டிருச்சு. உள்ள வந்து ஜில்லுனு ஏதாவது சாப்பிடுங்க."

"இந்த நாத்தத்துல எப்படிங்க சாப்பிடுறீங்க?"

பாண்டித்துரை சிரித்தார்.

"எங்களுக்கு இது நாத்தம் இல்ல மேடம். வாசனை!"

சேதுலட்சுமி பதிலுக்குச் சிரிக்காமல் உள்ளே நடந்தாள்.

*

அறைக்குள் சுவர் நிறைய ஒரு டிவி. அதில் கம்பெனியின் வரைபடம். அங்கங்கே சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள்.

"இங்கன பாருங்க. நம்ம லேபர் எல்லார் கழுத்துலயும் டேக் போட்டிருக்கோம். ஒவ்வொரு ஷெட்டுலயும் ரிசீவர் பெட்டி இருக்கு. யாரு எங்கன, எத்தனை மீட்டர் தூரத்துல நிக்குதுன்னு அப்படியே காட்டும்."

"எதுக்கு இது?"

"சேஃப்டி மேடம். தீ கீ புடிச்சா ஆளு எங்கன இருக்குன்னு தெரியணும்ல?"

வாசலில் நின்ற மகேஸ்வரி வெடித்தாள்.

"சேஃப்டியா? ஒண்ணுக்குப் போனா எம்புட்டு நேரம் உக்காந்திருக்கோம்னு பார்க்கிறதுக்கும்மா! கொஞ்சம் கூடிப்போனா கூலியில புடிப்பாய்ங்க. மாசத்துல அந்த மூணு நாளும் எங்களுக்குப் பாதிக் கூலிதாம்மா!"

"ஏய்! வெளிய போ!"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சேதுலட்சுமி. "நீ சொல்லும்மா."

மகேஸ்வரி தொண்டையைச் செருமினாள். குரல் இறங்கியது.

"இவரு மகன் பூமிநாதன்... அவன் போன்லயும் இந்தப் படம் தெரியும். எந்தப் பொம்பள எப்ப தனியாப் போறான்னு பார்த்துக்கிட்டே இருப்பான். பாத்ரூம் சந்துல வந்து நிப்பான். நாங்க சோடி போட்டுத்தான் போவோம். இன்னைக்கு லோடு எறக்குற அவசரத்துல அக்கா ஒத்தையில போயிட்டா..."



பொன்னுச்சாமி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். வெளி நாற்றமே மேல் என்று நினைத்திருப்பார் போல.

"உங்க மகன் எங்க?" சேதுலட்சுமி கேட்டாள்.

"மதுரைக்கு... காலையிலயே போயிட்டான் மேடம்."

"போன் போடுங்க."

"போட்டேன். சுவிட்ச் ஆஃப். சார்ஜ் போயிருக்கும்." பாண்டித்துரை அவசரமாக டிவியைக் காட்டினார். "அதை விடுங்க. அந்தப் பொண்ணு டேக் எங்கன இருக்கு பாருங்க. மீன் குழி ஷெட்டுல இருக்கிற ரிசீவர்லருந்து இருபத்தெட்டு மீட்டர்! நம்ம பின்பக்கச் சொவரு பத்து மீட்டர்ல முடிஞ்சிருது. அப்படின்னா என்ன அர்த்தம்? சொவரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போயிருச்சு. மெஷினே சொல்லுது! பொம்பள பொய் சொல்லும், மெஷின் பொய் சொல்லாது."

வரைபடத்தில் சுவருக்கு வெளியே ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

சேதுலட்சுமி அதையே பார்த்தாள்.

"இந்த மெஷினை மாட்டினது யாரு?"

"கீழக்கரைப் பையன். தாஹா."

"வரச் சொல்லுங்க."

"அவன் எதுக்கு மேடம்..."

"வரச் சொல்லுங்கன்னேன்!"

*

தேவிபட்டினத்தில் ஒரு கடைக்குக் கேமரா மாட்டிக்கொண்டிருந்த தாஹா பைக்கில் வந்து இறங்கினான். துபாயில் பெரிய பெரிய கிடங்குகளில் இதே வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். முப்பது வயது. மூக்குக் கண்ணாடி.

லேப்டாப்பைத் திறந்தான். நம்பர்கள் வரிசையாக ஓடின.

பார்த்தான்.

நெற்றி சுருங்கியது.

"மேடம்... இந்த இருபத்தெட்டு மீட்டர் தப்பு!"

"என்னது?" பாண்டித்துரை எழுந்தேவிட்டார். "ஏலே, நீதானடா மாட்டுன?"

"நான்தான் மாட்டினேன். ஆனா இந்த மெஷினுக்குத் தூரம் தெரியாது சார். அதுக்குத் தெரிஞ்சது சிக்னல் எவ்வளவு பலமா வருதுங்கறது மட்டும்தான். பலமா வந்தா கிட்ட, பலவீனமா வந்தா தூரம்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கைக் கம்பெனி திறக்குறதுக்கு முன்னாடி, காலி ஷெட்டுல நான் அளந்து போட்டேன். இப்ப வர்ற சிக்னல் மைனஸ் தொண்ணூத்தி ஒண்ணு. ரொம்பப் பலவீனம். நடுவுல ஒண்ணுமே இல்லாட்டி அது இருபத்தெட்டு மீட்டர்தான்."

"நடுவுல ஏதாவது இருந்தா?" சேதுலட்சுமி முன்னால் சாய்ந்தாள்.

தாஹா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தான்.

"கிட்டவே இருக்கலாம் மேடம். ரொம்பக் கிட்ட. தண்ணி, உப்பு, சதை... இதெல்லாம் சிக்னலைக் குடிச்சிரும்."

"உளறுறான் மேடம்!"

"உளறலை சார். இன்னொண்ணு பாருங்க. நடந்து போற ஆளுன்னா சிக்னல் கொஞ்சங்கொஞ்சமாத் தேஞ்சு மறையும். இது அப்படி இல்ல. குழிக்கிட்ட ஏறி எறங்கி ஆடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு அசையாம நின்னுச்சு. அப்புறம் ஒரேயடியா விழுந்துச்சு! மைனஸ் தொண்ணூத்தி ஒண்ணு. அதுலருந்து ஆணி அடிச்ச மாதிரி அங்கனயே நிக்குது." தாஹா நிமிர்ந்தான். "அப்படி விழுந்த சமயத்துல குழிக்கிட்ட என்ன நடந்துச்சு?"

மகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரி... லாரி வந்து லோடு கொட்டுச்சு..."



பாண்டித்துரை செண்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏசி அறையில் அவருக்கு வேர்த்தது!

*

முதலில் கடற்கரைக்குப் போனார்கள். தாஹா போனில் ஒரு ஆப்பைத் திறந்து நீட்டிப் பிடித்தபடி சுவருக்கு வெளியே நடந்தான்.

ஒன்றும் இல்லை. அந்த டேக்கின் மூச்சுப் பேச்சே இல்லை.

"இங்கன இருந்தா என் போனுக்குக் கேட்டிருக்கணும் மேடம். உள்ள வாங்க."

ஷெட்டுக் கதவை இழுத்தார்கள்.

சுடுகாட்டில்கூட இப்படி நாறாது! குழி நிறைய மீன். வெள்ளையாக, சாம்பலாக, பச்சையாக. கண் பிதுங்கிய தலைகள். வெடித்த வயிறுகள். மேலே கருப்புத் துணி விரித்ததுபோல் ஈக்கள். ஓரத்தில் சிவப்பும் பழுப்புமாக ஒரு கூழ் நுரைத்து வழிந்தது.

"குழிக்கு மேல குனியாதீங்க!" மகேஸ்வரி கத்தினாள். "அடியில இருந்து காஸ் கெளம்பும். நாலு மூச்சு இழுத்தா ஆளைச் சாய்ச்சிரும். நாங்க யாரும் கிட்டப் போக மாட்டோம்."

"ஷட்டர் எல்லாத்தையும் தொறங்க. அந்தப் பெரிய ஃபேனைப் போடுங்க," என்றாள் சேதுலட்சுமி.

காற்று வந்தது. நாற்றம் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"தாஹா, நீ சொன்னதை எனக்குக் காட்டு. கோர்ட்ல நாளைக்கு எவனாவது கேட்பான்."

தாஹா மகேஸ்வரியின் டேக்கை வாங்கினான். தரையில் இருந்த ஒரு தட்டில் வைத்தான். நாலு எட்டு தள்ளி நின்று போனைப் பார்த்தான்.

"மைனஸ் எழுபத்தி ரெண்டு. இப்ப இதை மூடணும்..."

பொன்னுச்சாமி பின்வாங்கினார். "என்னைப் பார்க்காதீங்க தம்பி!"

சேதுலட்சுமி சட்டைக் கையை மடித்தாள். குனிந்து, தரையில் சிந்திக் கிடந்த அழுகிய மீனை இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டேக்கின் மேல் கொட்டினாள்.

"இப்ப?"

"மைனஸ் தொண்ணூறு! பாருங்க மேடம்... டேக் அதே எடத்துலதான் இருக்கு. மெஷின்கிட்ட கேட்டா இருபத்தஞ்சு மீட்டர் தூரத்துல இருக்குன்னு சொல்லும்!"

"எவ்வளவு மீனு கொட்டினேன்?"

"ரெண்டு மூணு விரக்கடைதான். இன்னும் ஒரு கை கொட்டினா சிக்னலே வராது." தாஹா குழியைத் திரும்பிப் பார்த்தான். "அப்படின்னா... குழிக்குள்ள அந்த டேக் ஆழத்துல இல்ல மேடம். மேலாப்புலதான் இருக்கு."

மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

ஒரு நீண்ட மூங்கில் கழியின் நுனியில் தாஹா தன் போனைக் கட்டினான்.

"சிக்னல் கூடக்கூட பீப் சத்தம் வேகமா வரும். ஆனா ஒரு தடவை கேட்டு நம்பக்கூடாது மேடம். மேல தகரம், கீழ இரும்பு. சிக்னல் முட்டித் திரும்பி வந்து ஏமாத்தும். ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு மூணு தடவை காட்டிப் பார்க்கணும்."

கழி குழியின் மேல் மெதுவாக நகர்ந்தது.

பீப்... பீப்...

இடது பக்கம். ஒரு இடத்தில் திடீரென்று வேகமாக அடித்தது!

"இங்கனயா?" பொன்னுச்சாமி கொக்கியை ஓங்கினார்.

"பொறுங்க." தாஹா கழியை ஒரு சாண் நகர்த்தினான். சத்தம் அடங்கியது. திரும்பக் கொண்டுவந்தான். அடங்கியே இருந்தது. "இல்ல. தகரத்துல பட்டுத் திரும்பினது."

வலது பக்கம்.

பீப்... பீப்... பீப்...

நடுவில்.

பீப்பீப்பீப்பீப்!

நகர்த்தினான். திரும்ப வந்தான். மறுபடி அதே சத்தம். எதிர்ப்பக்கம் போய்க் கழியை நீட்டினான். அங்கேயும் அதே இடம்!

"மேடம்... இங்கனதான்."

அந்த நொடி...

கடகடகடகட!

குழியின் அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. மீன் குவியல் மொத்தமும் உயிர் வந்ததுபோல் நகரத் தொடங்கியது!

"திருகு ஓடுதும்மா!" மகேஸ்வரி அலறினாள். "யாரோ சுவிட்சைப் போட்டுட்டாய்ங்க! எல்லாம் டிரம்முக்குள்ள போயிரும்!"

பீப் சத்தம் மெலிந்தது. மீன் குவியலின் நடுப்பகுதி மெல்ல மெல்லத் திருகை நோக்கிச் சரிந்தது.

சேதுலட்சுமி பாய்ந்தாள். தரையின் எண்ணெய்ப் பிசுக்கில் கால் வழுக்கி முட்டி சிராய்ந்தது. எழுந்தாள். சுவரில் இருந்த சிவப்புக் குமிழை உள்ளங்கையால் அறைந்தாள்!

உறுமல் நின்றது.

மெயின் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில், கையை இன்னும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார் பாண்டித்துரை.

"என்ன காரியம் பண்றீங்க?"

"மீனு... மீனு கெட்டுப் போயிரும் மேடம். லட்ச லட்சமா நஷ்டம்..."

"இதுக்கு மேல கெட்டுப் போக இதுல என்ன இருக்கு? பொன்னுச்சாமி, இவர் ஒரு அடி நகர்ந்தா விலங்கை மாட்டுங்க!"

"மாட்டிட்டே நகர விடுறேன்மா!"

*

கம்பெனிப் பெண்களே வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரையில் நின்றபடியே, நீளமான இரும்புக் கொக்கிகளால் மீனை ஒதுக்கினார்கள்.

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

செத்த மீன்களுக்கு நடுவே ஒரு நீல நாடா தெரிந்தது.

"அக்கா!"

மகேஸ்வரி குழியை நோக்கி ஓடினாள். தாஹா குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டான்.

"கிட்டப் போகாதீங்க!"

"விடுங்கண்ணே! எங்கக்கா... எங்கக்கா கைண்ணே அது!"

ஒரு கை.

மேல்நோக்கி நீட்டியபடி விறைத்த கை. எதையாவது பற்றிக்கொண்டு ஏறிவிடலாம் என்று கடைசிவரை நம்பிய கை. விரல்களுக்குள் நீல நாடாவும் அந்த வில்லையும் இறுகிக் கிடந்தன.

ஈ மொய்த்தது. பொன்னுச்சாமி மறுபடி திரும்பிக்கொண்டார். வயிற்றில் மிச்சம் எதுவும் இல்லை.

பெண்களில் ஒருத்தி வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள். கையின் மேல் இருந்த கூழ் கழுவிக்கொண்டு போனது.

மகேஸ்வரியின் அலறல் பாதியில் நின்றது.

கையில் முடி.

மணிக்கட்டில் தடித்த தங்கக் காப்பு!

"இது... இது எங்கக்கா இல்லம்மா."

சேதுலட்சுமி மெதுவாகத் திரும்பினாள்.

பாண்டித்துரை அந்தக் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மனிதக் குரலாக இல்லை.

"பூமி... டேய் பூமி! அய்யா... என் மகனே!"

முட்டி மடங்கி அந்தக் கூழிலேயே விழுந்தார். வெள்ளை வேட்டி சிவந்தது.

"நான்... நான் அந்தப் பொண்ணுன்னு நெனச்சேன்! இவன் அவளை ஏதோ பண்ணிப் போட்டுட்டு ஓடிட்டான்னு நெனச்சேன்! அய்யோ... அந்தப் பொண்ணுதான் உள்ள கெடக்குன்னு நெனச்சுத்தானே சுவிட்சைப் போட்டேன்!"

ஷெட்டில் இருந்த அத்தனை பெண்களும் அதைக் கேட்டார்கள்.

கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

சேதுலட்சுமி அவர் அருகில் போய் நின்றாள்.

"அவளா இருந்தா அரைச்சுக் கோழிக்குப் போட்டிருப்ப. இல்லையா?"

பாண்டித்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செருப்பைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சு போச்சு. மகன் என்ன செஞ்சிருப்பான்னு யோசிக்கக்கூட இல்ல. பழகின விஷயம்! அவ உள்ள உசுரோட கெடக்காளான்னு ஒரு தடவை எட்டிப் பார்த்தியா? பார்த்திருந்தா உன் மகனைப் பார்த்திருப்ப."

பாண்டித்துரை தலையைத் தரையில் முட்டிக்கொண்டார். அதைப் பார்க்க சேதுலட்சுமிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அருவருப்பாகத்தான் இருந்தது.

பொன்னுச்சாமி விலங்கை மாட்டினார். கையை வேட்டியில் துடைத்தார். பாண்டித்துரையின் வேட்டியில்!

தாஹா சுவரில் சாய்ந்து நின்றான். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தான்.

"ரிசீவரையெல்லாம் கழட்டிடுறேன் மேடம். இப்பவே."

"இன்னைக்கு வேண்டாம். அது சாட்சி. கோர்ட்டுல சொல்லிட்டு வந்து கழட்டு. அப்பவும் ஆசை தீரலைன்னா மிதிச்சு நொறுக்கு. நான் பார்க்கல."

"மேடம்... பூமிநாதன் எப்படி இந்த மெஷின் கண்ணுல படாமப் போனான்?"

"அவன் கழுத்துல டேக் இருந்துச்சா?"

"இல்ல. முதலாளி வீட்டு ஆளுக்குத் தேவையில்லைன்னுட்டாங்க."

"அவ்வளவுதான்."

மகேஸ்வரி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... அப்ப எங்கக்கா எங்கம்மா? கொலை பண்ணிட்டா எங்கக்கான்னு சொல்லிருவாய்ங்களே! அவ ஒரு எறும்பைக்கூட..."

பொன்னுச்சாமியின் போன் அடித்தது.

ஸ்டேஷனிலிருந்து ரைட்டர்.

"அண்ணே, அம்மா எப்ப வருவாங்க? இங்கன ஒரு பொம்பள வந்து ரொம்ப நேரமா உசுரை வாங்குது. இன்ஸ்பெக்டரம்மாகிட்டதான் சொல்லுவேங்குது. அம்மா ஏதோ காணாமப் போன பொம்பளையைத் தேடப் போயிருக்காங்க, வந்ததும் பாருன்னு உக்கார வச்சிருக்கேன்."

பொன்னுச்சாமி போனையே பார்த்தார்.

"அந்தப் பொம்பள பேரு என்னய்யா?"

"கேக்கலையேண்ணே... இருங்க. ஏம்மா, உம் பேரு என்ன?"

தூரத்தில் ஒரு களைத்த குரல் போனுக்குள் கேட்டது.

மகேஸ்வரி ஏட்டின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அக்கா!"

*

ஸ்டேஷன் வாசல். வெயில். கடைசிப் படியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வீரலட்சுமி. சேலை முழுக்கக் காய்ந்த மீன் கூழ். கழுத்தில் நாடா அறுத்த சிவப்புக் கோடு.

தங்கை போய் அவள் மேல் விழுந்தாள். இருவரும் அழுதார்கள்.

சேதுலட்சுமி அதே படியில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா."

"பாத்ரூம் சந்துல நின்னான்மா. நான் குழி ஷெட்டு வழியா ஓடினேன். வெரட்டிக்கிட்டு வந்து கழுத்துல இருந்த நாடாவைப் புடிச்சு இழுத்தான். பலங்கொண்ட மட்டும் நானும் திமிறினேன். நாடா அந்து போச்சு. அவன் பின்பக்கமா குழிக்குள்ள விழுந்துட்டான். ஒரே ஒரு தடவை கத்தினான்..."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தம் இல்ல. ஏறி வந்துருவான்னு நெனச்சு, பின்வாசல் வழியா கடற்கரையோட ஓடிட்டேன். போனெல்லாம் கேட்டுல பூட்டி வச்சிருந்தாய்ங்க. பஸ்ஸுல ஏறினேன். நாத்தம் அடிக்குதுன்னு நடுவழியில எறக்கி விட்டுட்டாய்ங்க. நடந்தே வந்தேன்மா." அவள் நிமிர்ந்தாள். "நான் அவனைத் தள்ளலம்மா. சாமி சத்தியமா தள்ளல. அவன் செத்துட்டானாம்மா?"

"செத்துட்டான். குழியில இருந்த காஸ் அவனை மயக்கியிருக்கும், மேல வந்த லோடு மூடியிருக்கும். டாக்டர் மிச்சத்தைச் சொல்லுவாரு. உன் நாடா அவன் கையிலதான் இருக்கு. யாரு யாரை இழுத்தான்னு அதுவே சொல்லும்."

வீரலட்சுமி முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

சேதுலட்சுமி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்தாள். உள்ளே பார்த்தாள்.

ஃபேனுக்கு அடியில், மூக்கைப் பொத்திக்கொண்டு ரைட்டர் நின்றார்.

"ஏன்யா, உள்ள நாலு பெஞ்சு காலியா கெடக்கு. இந்தப் பொண்ணை எதுக்கு வெயில்ல உக்கார வச்சீங்க?"

"நாத்தம் தாங்கலம்மா..."

"கழுத்துல காயம் இருக்கே, பார்த்தீங்களா?"

"இல்லம்மா..."

"ஒத்தச் செருப்போட வந்திருக்கே, பார்த்தீங்களா?"

"கவனிக்கலம்மா..."

"பேரு?"

"கேக்கலம்மா. ஆனா தெருமுனையில வாரப்பவே வாடையை வச்சு மீன் கம்பெனி ஆளுன்னு கண்டுபிடிச்சிட்டேன்மா!"

ரைட்டரின் குரலில் லேசாகப் பெருமைகூட இருந்தது.

சேதுலட்சுமி தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"கண்ணு வேலை செய்யல, காது வேலை செய்யல, மூக்கு மட்டும் பிரமாதம்! நாளைக்கே உங்களை மோப்ப நாய்ப் பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதுறேன்யா... நாய்ங்க ஒத்துக்கிட்டா!"